அனிமே பாணி ஆர்பிஜி: கணினியில் எதிலிருந்து தொடங்கலாம்?

"அனிமே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாணியில் வரும் ரோல் பிளேயிங் கேம் (ஆர்பிஜி) எதையும் விளையாடியதில்லை. கணினியில் விளையாட நல்லவையாகச் சிலவற்றைச் சொல்லுங்கள், என்னிடம் இருப்பது சாதாரண மடிக்கணினி" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை அடுக்குவதென்றால் இருபது முப்பது சொல்லிவிடலாம். அதனால் உங்களுக்குப் பயன் இல்லை. இந்த வகைக் கேம்களில் பெரும்பாலானவை முடிக்க நாற்பது மணி நேரத்திலிருந்து நூறு மணி நேரம் வரை ஆகும். பொருந்தாத ஒன்றில் தொடங்குபவர்கள் பத்து மணி நேரத்திலேயே சலித்து, இந்த வகையே தங்களுக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி விலகிப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அனிமே தோற்றம் என்பது வெளிப்பூச்சு. உள்ளே ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்றில் பாதி நேரம் உரையாடலை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றில் கை ஓயாமல் சண்டை. வேறொன்றில் பள்ளிக்குப் போவது, பகுதி நேர வேலை பார்ப்பது, நண்பனோடு நூடுல்ஸ் கடைக்குப் போவது என்று அன்றாட வாழ்க்கையே ஆட்டமாகிவிடும். அதனால் ஒரு கேமைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: என் நேரத்தை அது எதில் செலவழிக்கப்போகிறது? கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்கள்.

இந்த வகைக்கே புதியவர் என்பதால் முதலில் டிராகன் குவெஸ்ட் 11 எஸ். ஜப்பானில் 2017-இல் வந்த கேமின் விரிவாக்கப்பட்ட பதிப்பு இது. கணினிக்கு 2020 டிசம்பரில் வந்தது. பாத்திரங்களை வரைந்தவர் டிராகன் பால் படைத்த அகிரா தோரியாமா. கிராமத்து இளைஞன் ஒருவன், தான் உலகைக் காக்கப் பிறந்தவன் என்று அறிந்து அரசனிடம் போகிறான். அரசனோ அவனைத் தீய சக்தியின் வாரிசு என்று சிறையில் தள்ளுகிறான். சண்டை டர்ன் பேஸ்டு, அதாவது நீங்கள் ஓர் அடி, எதிரி ஓர் அடி என்று வரிசைப்படி நடப்பது. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் விளையாடிப் பார்க்கத் தரும் இலவச டெமோவே பல மணி நேரம் ஓடும். பிடித்துப்போய் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு எச்சரிக்கை: முடிவில் கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் ஓடியதும் நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு இன்னொரு முழுப் பகுதி இருக்கிறது. கதையின் உண்மையான முடிவு அங்கேதான். சண்டை எளிதாக இருக்கிறது என்று தோன்றும் ஆளாக இருந்தால், புது ஆட்டம் தொடங்கும்போதே அரக்கர்களை வலுவாக்கும் டிராகோனியன் தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் அணைக்கலாம், நடுவில் போட முடியாது.

அனிமே ரசிகர் ஒருவருக்கு நேராக நெஞ்சில் இறங்குவது பெர்சோனா வரிசை. அட்லஸ் நிறுவனத்தின் படைப்பு. கணினியில் இப்போது மூன்று முக்கியமான பாகங்கள் கிடைக்கின்றன: பெர்சோனா 4 கோல்டன் (கணினிக்கு 2020), பெர்சோனா 5 ராயல் (2022), பெர்சோனா 3 ரீலோட் (2024). மூன்றும் தனித்தனிக் கதைகள். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். அடிப்படை ஒன்றுதான். நீங்கள் ஒரு பள்ளி மாணவன். ஒரு கல்வியாண்டு முழுவதும் நாள்காட்டி நாள் நாளாக நகரும். வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு செயல்களுக்குத்தான் இடம். படிக்கலாம், ஒரு நண்பரைச் சந்திக்கலாம், அல்லது மாய உலகத்துக்குள் இறங்கிச் சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. யாரோடு நெருங்குகிறீர்களோ அவர்களால் உங்கள் போர் வலிமையும் கூடும். பழகுவதும் சண்டையும் இப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதுதான் இந்த வரிசையின் மேதைமை. வேறு பல கேம்களில் நட்பு என்பது கதையில் சொல்லப்படும். இங்கே அது நீங்கள் விலை கொடுத்துச் சம்பாதித்ததாக இருக்கும், ஏனென்றால் அந்த மாலையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம்.

பெர்சோனா 5 ராயலில் டோக்கியோ மாணவர்கள் சிலர், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் பெரியவர்களின் மனத்துக்குள் இருக்கும் அரண்மனையில் திருடர்களாக நுழைந்து அவர்களை மாற்றுகிறார்கள். முதல் எதிரி ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்தப் பகுதியின் கோபம் அசலானது. முதல் அரண்மனையை முடிக்கும்போதே இந்தக் குழுவை விட்டுப் பிரிய மனம் வராது. எதிரியின் பலவீனத்தைக் கண்டு அடித்தால் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும், அதை நண்பனுக்குக் கைமாற்றிவிடலாம். டர்ன் பேஸ்டு சண்டை மந்தமானது என்று நினைப்பவர்களின் எண்ணத்தை மாற்றும் வேகம் அதில் இருக்கிறது. ஆனால் நீளம். நூறு மணி நேரம் என்பது சாதாரணம். முதல் சில மணி நேரம் உங்கள் விருப்பப்படி எதுவும் செய்ய விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள். பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகர் மருகியோடு நட்பை நவம்பர் 18-க்குள் 9-ஆம் நிலைக்குக் கொண்டுபோகாவிட்டால், ராயல் பதிப்புக்கென்றே சேர்த்த இறுதிப் பகுதி திறக்காது. அந்தப் பகுதிதான் இந்தக் கேமிலேயே மிகச் சிறந்த எழுத்து. கதையை உடைக்காமல் இவ்வளவுதான் சொல்ல முடியும். எண்பது மணி நேரம் விளையாடிவிட்டு அதைத் தவறவிடுவது கொடுமை.

பெர்சோனா 4 கோல்டன் பழையது. மூலம் 2008-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. படங்களில் அந்த வயது தெரியும். இனாபா என்ற சிறிய ஊர், பனிமூட்டம், தொடர் கொலைகள், மழை இரவில் தொலைக்காட்சியில் தெரியும் உருவம். மர்மக் கதைதான், ஆனால் நினைவில் நிற்பது அந்த நண்பர் குழுவும், நீங்கள் தங்கியிருக்கும் மாமா வீட்டின் சின்னப் பெண் நானாகோவும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியிலும் ஓடும் என்பதால், உங்கள் நிலைமையில் நான் ராயலைவிட இதையே முதலில் கைகாட்டுவேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனைக் காட்சி வரும். அங்கே வரும் பதில்களை அவசரமாக அழுத்தாதீர்கள், முன்பாகவே சேவ் செய்துவைத்துக்கொள்ளுங்கள். மரி என்ற பெண்ணோடு நட்பையும் டிசம்பர் 23-க்குள் முழுமையாக்கிவிடுங்கள். கோல்டன் பதிப்பின் கூடுதல் பகுதி அதைப் பொறுத்தே வரும்.

பெர்சோனா 3 ரீலோட், 2006-இல் வந்த கேமைப் புதிதாகக் கட்டியது. மூன்றிலும் இருண்டது, மரணத்தைப் பற்றி நேராகப் பேசுகிறது. கதை முடிவு மிக வலிமையானது. ஆனால் சண்டை பெரும்பாலும் டார்டாரஸ் என்ற ஒரே கோபுரத்தில் மாடி மாடியாக ஏறுவதுதான், நடுவில் அது அலுக்கும். முதல் பெர்சோனாவாக இதைச் சொல்ல மாட்டேன்.

இதே படைப்பாளிகளில் முக்கியமானவர்கள் பின்னர் மெட்டஃபர்: ரீஃபான்டாஸியோவை 2024 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். பள்ளி இல்லை; கற்பனை அரசு ஒன்றில் அடுத்த அரசன் யார் என்பதற்கான போட்டி. இனவெறுப்பையும் அரசியலையும் இந்த வகையில் இவ்வளவு தெளிவாகக் கையாண்ட கேம் குறைவு. உங்களைவிட மிகப் பலவீனமான எதிரியை நடந்துபோகிற போக்கிலேயே வெட்டிச் சாய்த்துவிடலாம், தனியாகச் சண்டைத் திரைக்குள் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கதை வேண்டாம் என்பவர்கள் பெர்சோனாவை விட்டு நேராக இதற்கே போகலாம். இதற்கும் முன்னுரைப் பகுதி முழுவதும் இலவச டெமோவாக இருக்கிறது.

இனி நான் அதிகம் நேசிக்கும் வரிசைக்கு வருகிறேன். நிஹான் ஃபால்காம் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் 2004-இல் டிரெயில்ஸ் இன் தி ஸ்கை என்ற கேமை வெளியிட்டது. அதில் தொடங்கிய கதை இன்றுவரை முடியவில்லை. ஒரே கண்டம், ஒரே காலவரிசை, நாட்டுக்கு நாடு மாறும் நாயகர்கள். லிபெர்ல் நாட்டில் மூன்று பாகங்கள், குரோஸ்பெல் நகரத்தில் இரண்டு, எரபோனியப் பேரரசில் கோல்டு ஸ்டீல் என்ற பெயரில் நான்கு, அவற்றை இணைக்கும் ரெவரி, பிறகு கால்வார்டு குடியரசில் டேபிரேக். ஒரு பாகத்தில் ஓரமாக வந்த சிறுமி பல பாகங்கள் கழித்து வளர்ந்து வேறொரு நாட்டில் எதிர்ப்படுவாள். அவளை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளும் அந்த நொடிக்கு ஈடாக வேறெந்தக் கேமும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

முதல் பாகத்தின் நாயகி எஸ்டெல், மக்களுக்கு உதவும் பிரேசர் என்ற பணிக்குப் பயிற்சி பெறும் துடுக்கான பெண். கூடவே வளர்ந்த ஜோஷுவாவோடு ஊர் ஊராகப் போகிறாள். தொலைந்த பூனையைத் தேடுவது, விளக்குக் கம்பத்தைச் சரிசெய்வது என்று சின்ன வேலைகளில் தொடங்கி, நாட்டின் அரசியலுக்குள் கதை மெல்ல மெல்லப் போகும். அந்த மெதுவான நடை சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மெதுவில்தான் உலகம் கட்டப்படுகிறது. ஊரில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, கவலை உண்டு. கதை ஒரு படி நகர்ந்ததும் அத்தனை பேர் பேச்சும் மாறிவிடும். காலையில் காதலைச் சொல்லத் தயங்கிய கடைப் பையன் மாலையில் சொல்லியிருப்பான். நீங்கள் போய்ப் பேசினால்தான் தெரியும். எனவே இதை விளையாடும்போது ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் ஊரை ஒரு சுற்று சுற்றி எல்லோரிடமும் பேசுங்கள். அதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் இந்த வரிசை உங்களுக்கானது இல்லை, அதில் தவறும் இல்லை.

எங்கே தொடங்குவது என்பதில் பலர் வழி தவறுகிறார்கள். படங்கள் புதிதாக இருக்கின்றன என்பதற்காகக் கோல்டு ஸ்டீல் 3-இல் நுழைவார்கள். யார் யார் என்றே புரியாது. முதல் பாகத்தில்தான் தொடங்க வேண்டும். 2025 செப்டம்பரில் அதை முழுவதும் புதிய முப்பரிமாணப் படங்களோடு டிரெயில்ஸ் இன் தி ஸ்கை ஃபர்ஸ்ட் சாப்டர் என்று மறுஉருவாக்கம் செய்தார்கள். இளைஞர் ஒருவருக்கு இன்று தயங்காமல் கொடுக்கக்கூடிய வடிவம் அது, டெமோவும் உண்டு. உங்கள் மடிக்கணினி அதைத் தாங்காது என்றால், 2014-இல் ஆங்கிலத்தில் கணினிக்கு வந்த பழைய பதிப்பு எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும். இரண்டாம், மூன்றாம் பாகங்களின் பழைய வடிவங்களும் கணினியில் இருக்கின்றன. முதல் பாகம் முடியும் இடம் பாதிப் பேச்சில் நிற்பது போன்றது, அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே முடியுங்கள். பழைய பதிப்புகளில் ஆட்டத்தை வேகமாக ஓட்டும் டர்போ வசதி இருக்கிறது. சண்டைகளுக்கும் நீண்ட நடைகளுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாசிப்பு வேண்டாம், கைக்கு வேலை வேண்டும் என்றால் அதே ஃபால்காமின் ஈஸ் 8: லாக்ரிமோசா ஆஃப் டானா. செந்தலை வீரன் ஆடோல் கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறான். பிழைத்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருகிறீர்கள். ஆள் சேரச் சேர ஊர் உருவாகிறது, அவர்கள் கை கொடுத்தால்தான் வழியை அடைத்திருக்கும் பாறைகள் நகரும். சண்டை உடனடிச் சண்டை, பின்னணியில் கிதார் பொறி பறக்கும். எதிரி அடிக்கும் சரியான நொடியில் விலகினால் காலமே மெதுவாகும். அந்தச் சுகம் நாற்பது மணி நேரமும் குறையாது. 2018-இல் கணினிக்கு வந்தபோது இது கோளாறுகளோடு வந்தது. பிறகு வந்த திருத்தங்களால் இப்போது நன்றாக ஓடுகிறது.

டேல்ஸ் ஆஃப் அரைஸ் (2021) இந்தப் பட்டியலிலேயே அனிமேவுக்கு மிக நெருக்கம். இடையில் வரும் அனிமேஷன் காட்சிகளை யுஃபோடேபிள் என்ற அனிமே நிறுவனம் செய்தது. அந்தப் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முந்நூறு ஆண்டுகளாக அடிமைப்பட்ட மக்கள். வலியே உணராத அடிமை ஒருவன். தொட்டவர்களுக்கெல்லாம் வலி தரும் சாபம் கொண்ட ஒருத்தி. இருவரையும் சேர்த்து நிறுத்தும் அந்தத் தொடக்கம் அபாரம். சண்டையும் கண்ணைப் பறிக்கும். பின்பாதியில் மட்டும் கதை நின்று நின்று பேசத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்குப் பாத்திரங்கள்தான் முக்கியம் என்றால் அதே வரிசையின் டேல்ஸ் ஆஃப் பெர்சீரியாவை எடுங்கள். படங்கள் பழையன, ஆனால் பழிவாங்கப் புறப்படும் வெல்வெட்டும் அவளோடு சேரும் கூட்டமும் அரைஸில் இருப்பவர்களைவிட ஒரு படி மேல். மடிக்கணினிக்கும் சுமை இல்லை.

நண்பர்களோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்றால் கிரான்ப்ளூ ஃபேன்டஸி: ரீலிங்க். கதை குறுகியது, இருபது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் நால்வர் கூடிப் பெரிய அரக்கர்களை வேட்டையாடுவதுதான் உண்மையான ஆட்டம். பொருள் சேர்த்து மருந்தும் ஆயுதமும் செய்வதில் அமைதி காண்பவர்களுக்கு அட்டெலியே ரைஸா. எண்களைக் கூட்டிக்கொண்டே போவதில் இன்பம் உள்ளவர்களுக்கு டிஸ்காயா. அதில் லெவல் 9999 வரை போகும். நீயர்: ஆட்டோமேட்டாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் முடிவு வந்ததும் பலர் மூடிவிடுகிறார்கள், ஆனால் அது ஆரம்பம்தான். ஐந்து முக்கிய முடிவுகளையும் தொட்ட பிறகே அந்தக் கேமை விளையாடியதாகச் சொல்ல முடியும்.

இலவசம் என்பதால் கென்ஷின் இம்பாக்ட், ஹொங்காய்: ஸ்டார் ரெயில், வுதரிங் வேவ்ஸ் போன்றவையும் உங்கள் கண்ணில் படும். தரம் குறைந்தவை அல்ல. கென்ஷினின் உலகமும் இசையும் மிக உயர்ந்தவை, ஸ்டார் ரெயிலின் டர்ன் பேஸ்டு சண்டை நேர்த்தியானது. ஆனால் இவற்றில் பாத்திரங்கள் காச்சா என்ற குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. கென்ஷினில் மிக அரிய ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் வரும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90-ஆவது குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் ஒன்று உறுதி, ஆனால் அது நீங்கள் விரும்பியதாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. தவறினால் அடுத்த முறைதான் உறுதி. ஆக மோசமான நிலையில் 180 குலுக்கல்கள். அதைவிடப் பெரிய செலவு, தினமும் வந்துபோகச் சொல்லும் சின்னச் சின்ன வேலைகள். ஒரு கதையைத் தொடங்கி முடித்த நிறைவு இவற்றில் கிடைக்காது. பணத்துக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள முடியும் என்றால் விளையாடுங்கள். முதல் அனுபவமாக வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்ற வகைகளுக்கு அது போதும். இந்த வகையில் இரண்டு மணி நேரம் முன்கதைக்கே போய்விடும், தீர்ப்புச் சொல்ல எதுவும் மிஞ்சாது. அதனால்தான் டெமோ உள்ளவற்றை மேலே குறிப்பிட்டுச் சொன்னேன். பழைய விமர்சனங்களைப் படித்துப் பயப்படவும் வேண்டாம். நீயர்: ஆட்டோமேட்டா 2017-இல் கணினிக்கு மோசமான நிலையில் வந்தது, 2021-இல் அதிகாரப்பூர்வத் திருத்தம் வரும் வரை ரசிகர்களே எழுதிச் சேர்த்த மோட் என்ற திருத்தம்தான் அதைக் காப்பாற்றியது. அண்மைக் காலக் கருத்துகளை மட்டும் பாருங்கள். கண்ட்ரோலர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஈஸும் டேல்ஸும் விசைப்பலகையில் பாதி சுவைதான். கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஜப்பானியக் குரல் நடிகர்களைக் கேட்க விரும்பினால், நான் சொன்ன பெரிய கேம்கள் பெரும்பாலானவற்றில் குரலை ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தேடும்போது ஜீனோபிளேட், ஃபயர் எம்ப்ளம் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். இரண்டும் நின்டெண்டோ கருவிகளுக்கானவை, கணினிக்கு வந்ததில்லை. ஃபயர் எம்ப்ளம் தரும் படைநடத்தும் அனுபவம் வேண்டுமென்றால் வால்கீரியா குரோனிக்கிள்ஸ் இருக்கிறது. 2008-இல் பிளேஸ்டேஷன் 3-இல் வந்து 2014-இல் கணினிக்கு வந்தது. பென்சிலால் நிழலிட்ட நீர்வண்ண ஓவியம் போன்ற அதன் படங்கள் இன்றும் பழசாகவில்லை, உங்கள் மடிக்கணினிக்கும் பாரமில்லை. காலியா என்ற சிறிய நாட்டின் ஏழாம் படைப்பிரிவை நடத்துகிறீர்கள். ஒவ்வொரு வீரருக்கும் பெயரும் முகமும் விருப்பு வெறுப்புகளும் உண்டு. விழுந்தவரை மூன்று சுற்றுகளுக்குள் தோழர் ஒருவர் போய்த் தொடாவிட்டால், அல்லது அதற்குள் எதிரி தொட்டுவிட்டால், அவர் திரும்ப வர மாட்டார். போர் முடிவில் கேம் தரும் தரவரிசை எத்தனை சுற்றில் முடித்தீர்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது. உயர்ந்த தரத்துக்காக ஆட்களைப் பலிகொடுக்காதீர்கள். முதல் முறை விளையாடும்போது அந்தத் தரத்தைப் பொருட்படுத்தாமல் எல்லோரையும் உயிரோடு கூட்டிக்கொண்டு போங்கள்.